மந்திரம் யாருடையது? இளையோர் மிகுபுனைவில் பெண்களின் நட்பும் உடைமையும்

பதின்வயதினருக்கான மிகுபுனைவில் மந்திரம் வந்தால் அதைப் பருவமாற்றத்தின் குறியீடாகப் படிப்பது திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. உடல் மாறுகிறது, ஆற்றல் விழிக்கிறது, தோழியர் கைகோக்கிறார்கள், பகை வீழ்கிறது என்று அந்த வாசிப்பு முடிந்துவிடும். நட்பை முன்பே முழுமையடைந்த பொருளாக அது எடுத்துக்கொள்கிறது. மந்திரமோ நட்புக்கு மெருகேற்றும் அணியாகச் சுருங்கிவிடுகிறது. இக்கட்டுரை வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது: கதையில் வரும் மந்திரம் யாருடையது? அது ஒருத்தியின் தனியுடைமையா, ஒவ்வொருத்தியும் பயின்று கைவரப்பெற்ற தொழிலா, கற்கக் கற்க வளரும் அறிவா? பெண்களின் நட்பு எந்த வடிவம் கொள்ளும், எங்கே முறியும், எப்படி மீளும் என்பதை இந்த உடைமை முறையே பெரிதும் தீர்மானிக்கிறது என்பது என் வாதம். லிபா ப்ரேயின் ஜெம்மா டாயல் முந்நூல் (2003–2007), டமோரா பியர்ஸின் ‘சர்க்கிள் ஆஃப் மேஜிக்’ வரிசையும் (1997–1999) அதன் தொடர்ச்சியும், நெடி ஒகோராஃபோரின் ‘அகாட்டா விட்ச்’ (2011) ஆகியவை இவ்வாதத்துக்கு அடிப்படை.

1. கொடுப்பவளும் பெறுபவர்களும்

ப்ரேயின் முதல் நூலான ‘எ கிரேட் அண்ட் டெரிபிள் பியூட்டி’ 1895-ஆம் ஆண்டின் பம்பாயில் தொடங்குகிறது. பதினாறாம் பிறந்தநாளன்று தாயை இழந்த ஜெம்மா, இங்கிலாந்தில் ஸ்பென்ஸ் என்னும் பெண்கள் விடுதிப்பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே மூவர் அவளுக்குத் தோழியராகிறார்கள். ஃபெலிசிட்டி கடற்படை அட்மிரலின் மகள். பிப்பாவின் பெற்றோர் அவளுடைய வலிப்பு நோயை மறைத்து, வயதில் மிக மூத்த வழக்கறிஞருக்கு அவளைக் கட்டிவைத்துக் குடும்பத்தின் பண நெருக்கடியிலிருந்து மீளப் பார்க்கிறார்கள். உதவித்தொகையில் படிக்கும் ஆன், படிப்பு முடிந்ததும் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போக வேண்டியவள். மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் இங்கிலாந்தில் 1882-இலேயே நிறைவேறியிருந்தது. ஆனாலும் இப்பெண்களின் நாளை பிறர் கையில்தான் இருக்கிறது.

மந்திரம் உறையும் மறுவுலகின் வாயிலைத் திறக்க வல்லவள் ஜெம்மா ஒருத்தியே. அவள் கையைப் பற்றித்தான் மற்ற மூவரும் உள்ளே போக முடியும். அங்கே ஃபெலிசிட்டி அதிகாரத்தையும் பிப்பா உண்மைக் காதலையும் ஆன் அழகையும் வேண்டுகிறார்கள். இம்மூன்றும் அவர்களுடைய உலகம் அவர்களுக்கு மறுத்தவை. இந்த ஏற்பாட்டில் நட்பு அன்பளிப்பாகத் தொடங்கிக் கடனாகத் திரிவதை ப்ரே நுட்பமாகக் காட்டுகிறார். மந்திரத்தை இவ்வுலகுக்குக் கொண்டுவரக் கூடாதென்று மறுவுலகில் எதிர்ப்படும் இறந்த தாய் எச்சரித்தும், தோழியரின் வற்புறுத்தலுக்கு ஜெம்மா இணங்கிவிடுகிறாள். மறுத்தால் அவள் கஞ்சத்தனம் செய்தவளாவாள். இணங்கினாலோ அனைவரையும் ஆபத்தில் தள்ளியவளாவாள். ஒருத்தியிடம் மட்டும் வளம் குவிந்திருக்கும்போது அவளுடைய ‘இல்லை’ என்ற சொல்லுக்கு நட்பில் இடமில்லாமல் போய்விடுகிறது.

முந்தைய தலைமுறையின் கதை இதையே கொடூரமாக்கிக் காட்டுகிறது. அதே பள்ளியில் படித்த மேரி, சாரா என்னும் இரு தோழியரில் சாராவின் ஆற்றல் வற்றத் தொடங்குகிறது. அதை மீட்க ஒரு சிறுமியின் உயிரைப் பலிகொடுக்க முனையும்போது மேரி துணைபோகிறாள். தோழியைக் கைவிடாதிருத்தல் என்ற நற்பண்பே இங்கே கொலைக்கு வழிவிடுகிறது. அந்த மேரிதான் ஜெம்மாவின் தாய்.

இரண்டாம் நூலான ‘ரெபெல் ஏஞ்சல்ஸ்’ (2005) முடியும்போது மந்திரம் முழுவதையும் ஜெம்மா தன்னோடு பிணைத்துக்கொள்கிறாள். மூன்றாம் நூலான ‘தி ஸ்வீட் ஃபார் திங்’ (2007) முழுக்க அவளிடம் பங்கு கேட்டு வருபவர்களின் கதை. இறுதியில் அவள் மந்திரத்தை அந்த மண்ணுக்கே திருப்பித் தருகிறாள். அதன் பின்னரே ஃபெலிசிட்டி தனக்குரிய சொத்துடன் பாரிஸுக்கும், ஆன் நாடக மேடைக்கும், ஜெம்மா படிப்புக்காக நியூயார்க்குக்கும் செல்ல வழி பிறக்கிறது. கொடை நின்றதால் நட்பு நிற்கவில்லை, கடன் தீர்ந்ததால் அது இயல்பாகிறது. ஆனால் இந்த விடுதலைக்காகக் கார்த்திக் என்னும் இந்திய இளைஞன் தன்னை மறுவுலகின் மரத்துக்கு ஒப்புக்கொடுக்க நேர்கிறது. குவிந்த வளத்தைப் பகிர்வதே நியாயம் என்று வாதிடும் புதினம், ஆளப்பட்ட நாட்டவன் ஒருவனின் உயிரை அந்தப் பகிர்வுக்கு விலையாக்குவது அதன் ஆழமான முரண்.

2. நூற்றலும் பிரித்தலும்

பியர்ஸின் கதையில் மந்திரம் கைத்தொழிலில் உறைகிறது. பிரபு குலத்துச் சாண்ட்ரிக்கு நூலிலும், வணிகக் குடும்பத்து ட்ரிஸுக்கு வானிலையிலும், டாஜாவுக்கு உலோகத்திலும், தெருவில் திருடிப் பிழைத்த சிறுவன் பிரையாருக்குச் செடிகொடிகளிலும் அது இருக்கிறது. நால்வரும் தம் இடத்திலிருந்து பிய்த்தெறியப்பட்டவர்கள். உறவினர் வீடுகளுக்கிடையே பந்தாடப்பட்டவள் ட்ரிஸ். கப்பல் மூழ்கிக் குடும்பமே அழிய, தான் மட்டும் பிழைத்ததால் துரதிர்ஷ்டம் பிடித்தவளென்று தன் வணிகர் குலத்தாராலேயே விலக்கப்பட்டவள் டாஜா.

‘சாண்ட்ரிஸ் புக்’ (1997) நிலநடுக்கத்தில் உச்சம் அடைகிறது. மண்ணுக்கடியில் சிக்கிய நால்வரின் ஆற்றலையும் சாண்ட்ரி தக்கிளியில் நூற்பதுபோல் ஒன்றாக நூற்கிறாள். இதில் இரண்டு செய்திகள் முக்கியம். முதலாவது, இணைப்பவளுக்கு இணைக்கப்படும் ஆற்றல்கள் சொந்தமல்ல. சாண்ட்ரி தருவது ஒருங்கிணைக்கும் திறன் மட்டுமே. இரண்டாவது, நூற்பதும் நெய்வதும் அவள் குலத்துக்குத் தகாத வேலையென்று கருதப்பட்டவை. பெண்களின் கைவேலை என்று தாழ்வாக எண்ணப்பட்ட உழைப்பையே நால்வரின் உயிர்காக்கும் அறிவாகப் பியர்ஸ் உயர்த்துகிறார். நால்வரில் ஒருவன் ஆண் என்பதால் இது பெண் நட்பின் கதையாகாது என்று வாதிடலாம். எனினும் மூன்று பெண்களின் உறவு இயற்கையான ‘பெண்மை’யை நம்பி நிற்கவில்லை, பயின்ற வேலையை நம்பி நிற்கிறது என்பதைத்தான் பிரையாரின் இருப்பு தெளிவாக்குகிறது.

சமமான உடைமைக்கும் விலை உண்டு. ‘டாஜாஸ் புக்’ (1998) நூலில் நால்வரின் மந்திரங்களும் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து கட்டுமீறுகின்றன. எது யாருடையது என்று கண்டறியச் சாண்ட்ரி அவற்றைத் தறியில் நெய்து பிரிக்க வேண்டியிருக்கிறது. சேர்த்தவளே பிரிக்கவும் கற்கிறாள். நெருக்கத்துக்கு எல்லை வேண்டும் என்பதை இளையோருக்கு இவ்வளவு துல்லியமாகச் சொன்ன காட்சிகள் இவ்வகை எழுத்தில் அரிது. இந்நூலிலேயே வணிகர் குலம் டாஜாவின் பழியைத் துடைத்துத் திரும்ப அழைக்கிறது. அவளோ தன் புதிய குடும்பத்தோடு தங்கிவிடுகிறாள். போக இடமிருந்தும் தங்குவதால் அவளுடைய நட்பு தெரிவாகிறது, புகலிடமாக மட்டும் நின்றுவிடவில்லை.

‘தி வில் ஆஃப் தி எம்ப்ரஸ்’ (2005) பதினாறு வயதில் அவர்களைக் காட்டுகிறது. தனித்தனியே பயணம் போய்த் திரும்பியவர்கள் மனக்கதவை அடைத்துக்கொள்கிறார்கள். பிரையாரிடம் போர் தந்த காயம் இருக்கிறது. காற்றில் காட்சிகளைக் காணும் புதிய திறனை, செருக்கென்று எண்ணிவிடுவார்களோ என்று ட்ரிஸ் மறைக்கிறாள். ஊரிலேயே இருந்த சாண்ட்ரிக்கு இந்த மௌனம் புறக்கணிப்பாகப் படுகிறது. பெண்ணைக் கடத்தி மண ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைக்கும் வழக்கமுள்ள நாட்டில் சாண்ட்ரி ஆபத்தைச் சந்திக்கும்போதுதான் அவர்களின் இணைப்பு முழு வலிமையோடு தேவைப்படுகிறது. அதை மீண்டும் திறப்பதா என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்கிறார்கள்.

3. கற்றலே செல்வம்

ஒகோராஃபோரின் நைஜீரியக் கதையில் மூன்றாவது முறை உண்டு. நியூயார்க்கில் பிறந்து நைஜீரியாவுக்குத் திரும்பிய, வெளிறிய தோலுடைய சன்னி மந்திரக்காரர் சமூகத்துக்குப் புதியவள். அவளுடைய தோழி சிச்சி பள்ளிக்கே போகாமல், புத்தகங்கள் நிறைந்த மண்குடிசையில் தாயோடு வாழ்பவள். இச்சமூகத்தில் ஒருவர் புதிதாக ஒன்றைக் கற்றதும் ‘சிட்டிம்’ என்னும் உலோக நாணயம் அவர் முன் விழுகிறது. வெளியுலகின் பார்வையில் சன்னி வசதியான வீட்டுப் பெண், சிச்சி ஏழை. உள்ளுலகில் சிச்சியே முன்னோடி. இந்தச் செல்வத்தை ஒருத்தி மற்றொருத்திக்குச் சம்பாதித்துத் தர முடியாது, கற்க வழிகாட்ட முடியும். ஜெம்மாவை நெருக்கிய கடன் ஆகவே இங்கே எழுவதில்லை. போட்டியும் பொறாமையும் எழுகின்றன. ஆனால் ஒருத்தி கற்றதால் மற்றவளுக்குக் குறைவதில்லை என்பதால் அவை உறவை அரித்துவிடுவதில்லை.

4. மறுப்பும் முடிவும்

நட்பை உடைமைக் கணக்கில் நிறுத்துவது அதைக் கொச்சைப்படுத்தாதா என்று கேட்கலாம். நட்புக்கு அடுத்தபடியாக நட்பாராய்தலுக்கும் தனி அதிகாரம் வகுத்த குறள் மரபில் வளர்ந்தவர்கள் இந்த ஆராய்ச்சியைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. ஆராய்வதால் அன்பு குறைவதில்லை, அது எதன்மேல் நிற்கிறது என்பது தெரியவருகிறது. உடைமை முறை எல்லாவற்றையும் தானே முடித்துவிடுவதுமில்லை. சாண்ட்ரி டாஜாவை நோக்கி நட்புக்கரம் நீட்டியது ஆற்றல்கள் இணைவதற்கு முன்பு. ஜெம்மா மந்திரத்தைத் துறந்ததும் அவளே எடுத்த முடிவு. பாத்திரங்கள் தமக்குக் கிடைத்த ஏற்பாட்டை மாற்ற முடியும் என்பதில்தான் இக்கதைகளின் அறம் இருக்கிறது.

இளம்பெண்களின் அன்றாட நட்பும் வளங்களின் ஊடாகவே நடக்கிறது. கையில் இருக்கும் பணம், வீட்டின் செல்வாக்கு, மாலையில் வெளியே போகக் கிடைக்கும் அனுமதி ஆகியவை தோழியருக்குச் சமமாக வாய்ப்பதில்லை. அந்த ஏற்றத்தாழ்வைப் பெயர் சொல்லிப் பேச வயதும் சூழலும் இடம் தராதபோது, அதைப் பேசும் மொழியை மிகுபுனைவு தருகிறது. ஆகவே இவ்வகை நூல்களை ‘ஒற்றுமையே வலிமை’ என்ற அறிவுரைக்குள் அடக்குவது, அவை கண்ட உண்மையைத் தவறவிடுவதாகும். ஆற்றல் யாரிடம் இருக்கிறது, மறுக்கும் உரிமை யாருக்கு உண்டு, பிரிந்தால் யார் தன் காலில் நிற்க முடியும் என்ற மூன்று கேள்விகளோடு இவற்றைப் படிக்கும் திறனாய்வே, இவற்றை ஆர்வத்தோடு படிக்கும் பெண்களின் அறிவுக்கு நிகராக நிற்கும்.