வகுப்புக்கு வந்த ஐபேடும் கூடவே வந்த செயலிகளும்

2013 செப்டம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கையில் புத்தம்புது ஐபேடுகள் இருந்தன. பியர்சன் நிறுவனத்தின் பாடச் செயலியோடு வந்தவை அவை. வீட்டுக்குக் கொண்டுபோனாலும் யூடியூபும் ஃபேஸ்புக்கும் திறக்காதபடி பூட்டியிருந்தார்கள். அந்தப் பூட்டு ஒரு வாரம் போலத்தான் தாங்கியது. செட்டிங்ஸுக்குள் போய், பள்ளி ஏற்றிவைத்த 'புரொஃபைல்' என்ற கோப்பை அழித்தால் போதும், கட்டுப்பாடு மொத்தமும் கழன்றுவிடும். மூன்று பள்ளிகளில் 300க்கும் மேற்பட்ட மாணவர்கள் இதைச் செய்தார்கள். ஐபேடை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று நிர்வாகம் அவசரமாக உத்தரவு போட்டது.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்வது நியாயமில்லை. ஐபேட் 2010இல் கடைக்கு வந்தபோது அதை வாங்கப்போவது குடும்பங்கள் என்று எண்ணித்தான் செய்திருந்தார்கள். தொலைவிலிருந்து கருவியை நிர்வகிக்கும் வசதி அதே ஆண்டு ஐஓஎஸ் 4 இயங்குதளத்தில் வந்தது. அது அலுவலகங்களை மனதில் வைத்து வந்த ஏற்பாடு. சொந்த போனில் அலுவலக மின்னஞ்சல் பார்க்கும் ஊழியர், வேண்டாமென்றால் புரொஃபைலை நீக்கிவிடலாம். பெரியவர்களுக்குச் சரியான அந்த விதி, அப்படியே பள்ளிக்குள்ளும் வந்துவிட்டது.

சின்ன வகுப்புகளில் சிக்கல் வேறு. ஐந்து வயதுக் குழந்தை புரொஃபைலைத் தேடிப் போகாது; திரையில் கண்ணில் பட்டதைத் தொடும். கேம் சென்டர், நியூஸ்ஸ்டாண்ட், ஐட்யூன்ஸ் கடை எல்லாம் அப்போது தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டு வந்தன. 2012இல் வந்த ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் மூலம் பள்ளிகள் சிலவற்றை முடக்க முடிந்தது. அதற்கு ஒவ்வொரு ஐபேடையும் யூஎஸ்பி கேபிளால் மேக் கணினியோடு இணைக்க வேண்டும். அப்போதும் எல்லாச் செயலிகளும் மறையவில்லை. அதே ஆண்டு ஐஓஎஸ் 6 தந்த 'கைடட் ஆக்சஸ்' உதவியது: ஒரே செயலியில் திரை நிற்கும், ஹோம் பொத்தானை அழுத்தினாலும் வெளியே வராது.

லாஸ் ஏஞ்சலிஸ் திட்டம் மீளவில்லை. 2014 ஆகஸ்டில் ஐபேட் வாங்கும் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. அக்டோபரில் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஜான் டீசி பதவி விலகினார். 2015இல் 64 லட்சம் டாலர் திரும்பப் பெறும் உடன்பாட்டோடு கணக்கு முடிந்தது.

மற்ற பள்ளிகளுக்கோ வழி பிறந்தது. 2014இல் ஆப்பிள் தொடங்கிய பதிவுத் திட்டத்தில், பெட்டியைத் திறந்து இணையத்தில் இணைத்ததுமே ஐபேட் பள்ளியின் நிர்வாகத்துக்குள் போய்விடும். மாணவர் அதை நீக்கவும் முடியாதபடி செய்யலாம். 2016 மார்ச்சில் ஐஓஎஸ் 9.3 வந்தபோதுதான், கூடவே வரும் செயலிகளில் எது தெரியலாம், எது கூடாது என்று பள்ளியே பட்டியலிட முடிந்தது. அதோடு வந்த 'கிளாஸ்ரூம்' செயலி, எல்லா ஐபேடுகளிலும் ஒரே பாடத்தைத் திறக்கும் அதிகாரத்தை ஆசிரியர் கையிலேயே கொடுத்தது.

பட்டியலை இரண்டு விதமாகப் போடலாம். வேண்டாதவற்றை எழுதித் தடுப்பது ஒன்று. வேண்டியவற்றை மட்டும் எழுதி மற்றதெல்லாம் மறைப்பது இன்னொன்று. எது நல்லது என்று 2024 காட்டியது. ஐபேட் பிறந்து 14 ஆண்டுகள் அதில் ஆப்பிளின் கால்குலேட்டர் கிடையாது. ஐபேட்ஓஎஸ் 18 இயங்குதளத்தில்தான் அது வந்து சேர்ந்தது. கையால் '27 + 15 =' என்று எழுதினால் விடையையும் அதுவே எழுதிவிடும். கூட்டல் பழகும் இரண்டாம் வகுப்புக்கு இது பெரிய இடைஞ்சல். வேண்டியதை மட்டும் அனுமதித்த பள்ளிகளில் அது திரைக்கே வரவில்லை. தடுப்புப் பட்டியலை நம்பியிருந்த பள்ளிகள் புதுப்பிப்புக்கு முன்பே கால்குலேட்டரையும் அதில் சேர்த்தாக வேண்டியிருந்தது. சின்ன வகுப்புகளுக்கு அனுமதிப் பட்டியலே பொருந்தும். அதில் எந்தெந்தச் செயலி இடம்பெற வேண்டும் என்பதை, கணினிப் பிரிவுக்கு முன்னால் வகுப்பாசிரியரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். புதுப்பிப்பை 90 நாள் வரை தள்ளிவைக்கும் வசதி பள்ளிகளுக்கு இருக்கிறது. அந்தக் கலந்தாலோசனைக்கு அவகாசம் தாராளம்.