திருச்சபை ஆண்டும் தமிழும்: தரங்கம்பாடி முதல் கிழக்கு லண்டன் வரை லுத்தரன் வழிபாடும் மறைபோதனையும்

முன்னுரை

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் தரங்கம்பாடி அச்சகத்தையும் வேத மொழிபெயர்ப்பையும் தவறாது குறிப்பிடுவர். அச்சிட்ட அந்நூல்கள் எந்த நாளில், எந்த ஒழுங்கில், எவர் செவியில் விழுந்தன என்ற கேள்வி அத்துணை கவனம் பெறவில்லை. லுத்தரன் சபையில் வேதநூல் முதலில் தனியாகப் படிக்கப்படும் நூலன்று. ஆண்டு முழுவதும் ஞாயிறுதோறும் பகுதி பகுதியாக வாசிக்கப்பட்டு, விளக்கப்பட்டு, வினா விடையாகத் திரும்பக் கேட்கப்படும் நூல். அந்த ஆண்டுச் சுழற்சியே ‘திருச்சபை ஆண்டு’. அது தமிழ் மண்ணில் ஒரு கல்வி நிறுவனமாகச் செயல்பட்ட வகையையும், இன்று கிழக்கு லண்டனின் மனோர் பார்க் போன்ற தமிழர் குடியிருப்புகளில் அம்மரபு எதிர்கொள்ளும் நிலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திருச்சபை ஆண்டின் அமைப்பு

திருச்சபை ஆண்டு சனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்காம் ஞாயிறான ஆகமனத்தின் முதல் ஞாயிற்றில் தொடங்குகிறது. கிறிஸ்து பிறப்பு, பிரசன்னத் திருநாள், தபசு காலம், பெரிய வெள்ளி, உயிர்த்தெழுந்த திருநாள், பரமேறுதல், பெந்தெகொஸ்தே என முதற்பாதி கிறிஸ்துவின் வாழ்க்கையைப் பின்பற்றிச் செல்கிறது. திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் இருபதுக்கு மேற்பட்ட ஞாயிறுகள் கிறிஸ்தவ வாழ்வின் போதனைக்கு உரியவை.

மார்ட்டின் லுத்தர் 1523, 1526 ஆகிய ஆண்டுகளில் வழிபாட்டு முறையைத் திருத்தியபோதும் ஞாயிறுக்குரிய பழைய நிருப, சுவிசேஷ வாசகங்களைப் பெரும்பாலும் நிலைநிறுத்தினார். அவ்வாசகங்களுக்கான பிரசங்கத் தொகுப்புகளையும் எழுதினார். 1529இல் வெளிவந்த சிறு ஞானோபதேசம் இம்முறையின் மறுபாதி. வாசகம் ஞாயிறுதோறும் மாறும். பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து ஆகியவை பற்றிய உபதேசம் மாறாது. மாறுவதும் மாறாததும் இணைந்ததே லுத்தரன் மறைபோதனை.

தரங்கம்பாடியில் தொடக்கம்

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கு அனுப்பிய பர்த்தொலொமேயு சீகன்பால்கும் ஹென்ரிக்கு புளூட்சோவும் 1706 சூலை 9இல் தரங்கம்பாடிக்கு வந்தனர். 1707 மே 12இல் முதல் ஞானஸ்நானம் நடைபெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 14இல் எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. அவ்வாண்டு உயிர்த்தெழுந்த திருநாள் ஏப்ரல் 24 என்பதால், ஆலயம் திறக்கப்பட்ட நாள் திரித்துவத்துக்குப் பின் எட்டாம் ஞாயிறாகிறது. மலைப்பிரசங்கத்தில் கள்ளத் தீர்க்கதரிசிகளைப் பற்றி எச்சரிக்கும் பகுதியே அந்த ஞாயிற்றுக்குரிய பழைய சுவிசேஷ வாசகம். மரத்தை அதன் கனியால் அறியவேண்டும் என்பது அதன் மையக் கருத்து. புதிய சமயம் ஒன்று கடற்கரை ஊரில் தன் கதவைத் திறந்த நாளுக்கு அது எளிய வாசகமன்று. போதகரையே சோதிக்கச் சொல்லும் வாசகம்.

சீகன்பால்கு சிறு ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். விசுவாசக் கோட்பாடுகள் பற்றித் தமிழில் 26 பிரசங்கங்களை நிகழ்த்தி எழுத்தில் அமைத்தார். தொடக்கத்தில் இவை ஓலைகளில் படியெடுக்கப்பட்டன. லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அனுப்பிய அச்சுப்பொறி 1712இல் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. புதிய ஏற்பாடு 1714–1715இல் அச்சாகி நிறைவுற்றது. 1715இல் தமிழ்ப் பாட்டுநூலும் அச்சாயிற்று. உபதேசம், வாசகம், பாட்டு ஆகிய மூன்றும் பத்தாண்டுக்குள் தமிழில் கிடைத்தமையை நோக்கும்போது, தனி நூல்களைவிட ஒரு முழு வழிபாட்டாண்டை நிறுவுவதே நோக்கமாயிருந்தது என்பது விளங்கும்.

இரு நாட்காட்டிகள்

இப்பணியின் ஒரு முனை தரங்கம்பாடி. மற்றொரு முனை லண்டன். இங்கிலாந்து அரசி ஆனின் கணவரான டென்மார்க் இளவரசர் ஜார்ஜ் லுத்தரன் சபையினர். அவருடைய ஆலயக் குருவான அன்டன் வில்கெல்ம் பேமே சீகன்பால்கின் கடிதங்களை 1709 முதல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சீகன்பால்கு ஐரோப்பாவுக்குச் சென்று திரும்பும் வழியில் லண்டனில் அரசர் முதலாம் ஜார்ஜைச் சந்தித்தார். 1722 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் அரசவைக் குருவாயிருந்த பிரெடரிக்கு மிகாயேல் சீகன்ஹாகன் நிதியும் நூலும் ஆளும் தமிழகம் சேர வழிசெய்தார்.

இவ்விரு முனைகளும் ஒரே நாட்காட்டியைப் பின்பற்றவில்லை. டென்மார்க் 1700இல் புதிய கணக்குக்கு மாறியது. இங்கிலாந்து 1752 வரை பழைய யூலியன் கணக்கிலேயே இருந்தது. இடைவெளி 11 நாட்கள். எருசலேம் ஆலயம் திறக்கப்பட்ட ஆகஸ்டு 14, சென்னைக் கோட்டை ஆங்கிலேயருக்கு ஆகஸ்டு 3. ஆங்கிலேயரின் கிறிஸ்து பிறப்பு நாளோ டேனியர் கணக்கில் சனவரி 5, அதாவது பிரசன்னத் திருநாளுக்கு முந்தைய நாள். கடிதங்களின் தேதியை ஒப்பிடும் ஆய்வாளர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாவிடில் நிகழ்வுகளின் வரிசையே தவறிவிடும்.

ஆனால் நாளில் இருந்த வேறுபாடு முறைமையில் அத்துணை இல்லை. ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலும் ஞாயிறுகளைத் திரித்துவத் திருநாளிலிருந்தே எண்ணிற்று. அதன் வாசகங்களும் லுத்தரன் வாசகங்களோடு பெரும்பாலும் ஒத்தவை. ஜெர்மானிய லுத்தரன் போதகர்கள் ஆங்கிலக் கழகத்தின் ஊழியராகச் சென்னையிலும் தஞ்சையிலும் பணியாற்ற முடிந்தமைக்கு இந்தப் பொதுமையும் ஒரு காரணம் எனலாம்.

காவிரிப் படுகையில் ஐரோப்பிய ஆண்டு

வாசகங்களின் ஒழுங்கு வட ஐரோப்பியப் பருவங்களுக்குள் வளர்ந்தது. இருளும் குளிரும் மிகுந்த நாட்களில் ஒளியின் வருகையைப் பேசுவது ஆகமனம். தமிழகத்தில் அது வடகிழக்குப் பருவமழை பெய்து ஓயும் கார்த்திகையிலும், வைகறை வழிபாட்டுக்குப் பெயர்பெற்ற மார்கழியிலும் அமைந்தது. திரித்துவ ஞாயிறுகளின் நீண்ட வரிசை ஆனி முதல் கார்த்திகை வரை, அதாவது காவிரியில் நீர் வந்து, நாற்று விட்டு, நடவு முடித்துப் பயிர் வளரும் காலத்தோடு இணைந்தது.

தபசு காலத்துக்கு முந்தைய இரு ஞாயிறுகள் தனிக் கவனத்துக்குரியவை. உயிர்த்தெழுந்த திருநாளுக்கு ஒன்பது வாரங்களுக்கு முந்தைய ஞாயிற்றின் சுவிசேஷம் திராட்சத் தோட்டக் கூலியாட்களின் உவமை. அடுத்த ஞாயிற்றின் சுவிசேஷம் விதைக்கிறவனின் உவமை. முன்னது சனவரி 18க்கும் பிப்ரவரி 22க்கும் இடையே வரும். ஐரோப்பாவில் இது உழவு தொடங்கும் முன்னான காலம். விதைப்பின் உவமை வரவிருக்கும் வேலையை நினைவூட்டும். காவிரிப் படுகையிலோ இது சம்பா அறுவடைக் காலம். விதைப்பவனின் உவமை இங்கே விளைச்சலைக் களத்தில் கண்டபின் கேட்கப்பட்டது. நூறு மடங்காகவும் பலன் தந்த நல்ல நிலத்தைப் பற்றிய சொல்லை, எந்த வயல் எவ்வளவு கண்டது என்று அறிந்தவர்கள் கேட்டனர்.

கூலியாட்களின் உவமை இன்னும் கூரியது. விடியலில் வந்தவனுக்கும் கடைசி மணியில் வந்தவனுக்கும் ஒரே கூலி என்பது அதன் செய்தி. அறுப்புக் கூலியாக நெல் அளக்கப்படும் தை, மாசியில், நிலமுடையோரும் நிலத்தில் உழைப்போரும் ஒரே கூரையின்கீழ் அதைக் கேட்டனர். இப்பொருத்தம் திட்டமிட்டதன்று, நாட்காட்டி இடம் பெயர்ந்ததால் நேர்ந்தது. ஆயினும் அதன் விளைவு மெய்யானது.

ஆலயத்துள் சாதி

ஒரே கூரையின்கீழ் என்றோமே தவிர, ஒரே வரிசையில் அல்ல. 1718 அக்டோபர் 11இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவில் அமைந்தது. அங்கு வேளாளர் முதலியோருக்கும் பறையர் சமூகத்தாருக்கும் இருக்கை தனித்தனியே இருந்தது. ஞாயிறுதோறும் ஒரே வாசகம் எல்லோருக்கும் உரியதாயிருந்தது. அமரும் இடம் மட்டும் பொதுவாகவில்லை. திருச்சபை ஆண்டு கற்பித்ததற்கும் சபை நடைமுறைக்கும் இடையிலான இப்பிளவு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும் வழக்காயிற்று. ஆங்கிலச் சபையின் ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேற்றுமையை ஆலயத்திலிருந்து நீக்கக் கட்டளையிட்டபோது பலர் அதனை ஏற்கவில்லை. பின்னர் லைப்சிக் மிஷன் இவ்விஷயத்தில் காட்டிய நெகிழ்ச்சி அத்தகையோரை லுத்தரன் சபைக்கு ஈர்த்தது. இம்மரபின் பெருமையைப் பேசும் வரலாறு இதனை மறைத்தால் அது வரலாறாகாது.

பாட்டும் பண்டிகையும்

உபதேசம் மனனமானது பெரிதும் பாட்டினால். யோகான் பிலிப்பு பப்ரிசியு (1711–1791) ஜெர்மன் ஞானப்பாட்டுகளை அவற்றின் மெட்டு மாறாமல் தமிழாக்கினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சாயிற்று. 1871இல் பொதுத் திருத்த மொழிபெயர்ப்பு வந்த பின்னும் லுத்தரன் சபையார் பப்ரிசியுவின் பாடத்தை நெடுங்காலம் விடவில்லை. ஆண்டுதோறும் அதே நாளில் அதே சொல்லைக் கேட்டுப் பழகிய செவிக்கு, திருத்தம் என்பது இழப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை.

சுவார்ட்சு ஐயரிடம் பயின்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இம்மரபுக்குத் தமிழிசையைத் தந்தார். குறவஞ்சி போன்ற சிற்றிலக்கிய வடிவங்களையும் கீர்த்தனையையும் அவர் மறைபோதனைக்குப் பயன்படுத்தினார். புதிய தலைமுறை மிஷனரிமார் வேத மொழிபெயர்ப்பை மாற்றியதையும், பண்டிகைக் கொண்டாட்டத்தையும் ஆலயத்தில் தமிழிசையையும் தடுத்ததையும் அவர் வன்மையாக எதிர்த்தார். சாதி ஒழுங்கைக் காப்பதும் அதே எதிர்ப்பின் பகுதியாயிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். அவருடைய கீர்த்தனைகள் 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப்பு தொகுத்த நூலின் வழியாகப் பிற சபைகளுக்கும் பரவின. இன்று லுத்தரன் அல்லாத தமிழ்க் கிறிஸ்தவரும் கிறிஸ்து பிறப்புக்கும் பெரிய வெள்ளிக்கும் அவற்றைப் பாடுகின்றனர்.

1919 சனவரி 14இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சி பெற்றது. 1956இல் ராஜா மாணிக்கம் அதன் முதல் இந்தியப் பேராயரானார். ஆண்டுச் சுழற்சி அப்போது முழுமையாகத் தமிழர் கைக்கு வந்தது.

கிழக்கு லண்டன்

லண்டன் ஆல்கேட்டுக்கு அருகே ஆலி தெருவில் 1762இல் நிறுவப்பட்ட புனித ஜார்ஜ் ஜெர்மன் லுத்தரன் ஆலயம் இன்றும் நிற்கிறது. கிழக்கு லண்டனின் சர்க்கரை ஆலைகளில் உழைத்த ஜெர்மானியர் தம் மொழியில் திருச்சபை ஆண்டைக் கொண்டாடிய இடம் அது. ஆல்கேட்டிலிருந்து கிழக்கே செல்லும் பழைய கோல்செஸ்டர் நெடுஞ்சாலை, ரோம்ஃபோர்டு சாலை என்னும் பெயருடன் மனோர் பார்க்கைக் கடக்கிறது. அச்சாலையின் தெற்கே, ஈஸ்ட் ஹாம் நோக்கிய பகுதியில், முருகன் கோயிலும் தமிழ்க் கடைகளும் உள்ளன. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து வந்தோரும் தமிழகத்திலிருந்து வந்தோரும் வாழும் பகுதி இது.

ஒரு சாலையின் இரு இடங்கள் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. ஜெர்மானியர் மொழி இழந்தபோது ஆலயம் நினைவுச் சின்னமாயிற்று. லண்டன் தமிழ்க் கிறிஸ்தவர் முன்னும் அக்கேள்வியே நிற்கிறது. தமிழ் பேசினாலும் படிக்கத் தெரியாத இரண்டாம் தலைமுறைக்கு ஆராதனைப் புத்தகம் மூடிய நூல். எனினும் தரங்கம்பாடியின் முதற் சபையாரிலும் பலர் எழுத்தறியாதோரே. அவர்களுக்குச் சுற்றிவரும் வாசகமும் வினா விடையும் பாட்டும் நூலாயின. 1969இல் உரோமைத் திருச்சபை மூன்றாண்டு வாசகத் திட்டத்தை அமைத்தபின் உலகின் பல லுத்தரன் சபைகளும் அதைத் தழுவின. அதனால் வேதத்தின் மிகுதியான பகுதி வாசிக்கப்படுகிறது. ஒரு வாசகம் திரும்பி வர மூன்றாண்டு ஆகிறது. செவிவழிக் கல்விக்கு இதனால் நேர்ந்த இழப்பும் கணக்கில் கொள்ளத்தக்கது.

முடிவுரை

திருச்சபை ஆண்டு தமிழருக்கு வெளியிலிருந்து வந்தது. ஆயினும் காவிரியின் வேளாண் காலத்தோடு இணைந்து, தமிழ் உரைநடையையும் இசையையும் வளர்த்து, சாதியின் முன் தடுமாறி, தமிழர் மரபாயிற்று. இன்று அது குளிர்நாட்டுக்கே மீண்டிருக்கிறது. ஆகமனத்தின் இருளும் ஒளியும் மனோர் பார்க்கில் வளரும் குழந்தைக்குக் கண்கூடானவை; தை மாதக் களமும் அறுப்புக் கூலியும் பாட்டி சொல்லக் கேட்பவை. ஆகவே ஆய்வாளர் செய்யவேண்டிய பணிகள் இரண்டு. பப்ரிசியு பாடம், பழைய பாட்டுநூல், ஞானோபதேசம் ஆகியவற்றை ஞாயிற்று ஒழுங்கில் வைத்து ஆராய்வது ஒன்று. அவற்றை மனனமாகக் கூறும் முதியோரின் குரலைத் தமிழகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பதிவுசெய்வது மற்றொன்று. நூலகங்கள் முன்னதைக் காத்துவருகின்றன. பின்னதற்கு எஞ்சியுள்ள காலம் குறுகியது.