கட்டியும் கவலையும்: கண்டி வைத்தியத்தில் ஒரு சீன இழை

கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிக் கிழங்கு: இலங்கையின் பரம்பரை வைத்தியக் குடும்பம் ஒன்று புற்றுநோயாளருக்குக் காய்ச்சிக் கொடுத்துவந்த கசாயத்தின் சரக்குகள் இவை. உயிர்வேதியியல் பேராசிரியர் ஐரா தப்ரூ உள்ளிட்ட ஆய்வாளர்கள் ரசாயனத்தால் ஈரல் புற்று தூண்டப்பட்ட எலிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் குறைந்ததாக 2003இல் வெளியான அவர்களின் கட்டுரை கூறியது. மூன்று சரக்குகளில் இரண்டு இந்தப் பக்கத்தில் பழகியவை. மூன்றாவது சீனாவிலிருந்து வந்தது. அங்கே அதன் பெயர் து ஃபூ லிங். சிங்கள வைத்தியர்கள் இன்றும் 'சீன அல' என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

அந்தக் கிழங்கு வந்த வழி ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. 1530களில் அது கோவாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. போர்த்துக்கேயர் கொண்டுவந்ததாகக் கருதப்பட்ட மேகநோய்க்கு அதுவே மருந்தாகப் புகழ்பெற்றது. உடற்கூற்றியலின் தந்தை எனப்படும் வெசாலியஸ் 1546இல் அதன் பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். கோவாவில் வாழ்ந்த கார்சியா ட ஓர்த்தா 1563இல் தம் மூலிகை நூலில் அதற்கு இடம் கொடுத்தார். மேகப் புண்ணுக்கு வந்த சரக்கு, பின்னர் இலங்கையில் புற்றுக் கசாயத்துக்குள்ளும் நுழைந்தது.

ஆக, சீன மருந்து இலங்கைக்கு எட்டியிருக்கிறது. ஆனால் சீனரின் நோய்க்கணிப்பு கூடவே வரவில்லை. மார்பகப் புற்றையும் மனச்சோர்வையும் ஒரே நோயின் இரண்டு முகங்களாகப் பார்ப்பது சீன வைத்தியத்தின் பழைய வழக்கம். 14ஆம் நூற்றாண்டில் ட்சு தான்சி என்ற மருத்துவர் மார்பகக் கட்டியை வருணித்தார்: வலியில்லாமல், ஆட்டக்காய் அளவில் ஒளிந்திருக்கும், பல ஆண்டுகள் கழித்துக் குழிந்து புண்ணாகும். அதற்கு அவர் சொன்ன காரணம் உணவோ காற்றோ அல்ல. கணவனிடமும் மாமனார் மாமியாரிடமும் மனம் ஒட்டாமல், துயரத்தையும் சினத்தையும் ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்ட பெண்ணின் வாழ்க்கை. ஈரலில் ஓடவேண்டிய உயிர்ச்சக்தி தேங்கிக் கட்டியாகிறது என்பது சீன வைத்தியரின் கணக்கு. தேக்கத்தை அவிழ்க்கச் சோங் பேரரசின் மருந்தகத் தொகுப்பில் இடம்பெற்ற சியாவ்யாவ் சூரணத்தைக் கொடுத்தார்கள். மனச்சோர்வுள்ள மார்பகப் புற்றுநோயாளருக்குச் சீனாவில் இன்றும் அதன் பல வடிவங்கள் எழுதித் தரப்படுகின்றன. மேற்கிலும் இந்த எண்ணம் இருந்தது. கருப்புப் பித்தம் மிகுந்த, துயரச் சுபாவமுள்ள பெண்களுக்கே மார்பகப் புற்று அதிகம் என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் எழுதியிருந்தார்.

கண்டி வேறு விதமாக யோசித்தது.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலக் கப்பலோட்டி ரொபர்ட் நொக்ஸ், அங்கே தொழில்முறை வைத்தியர் என்று தனியாக எவரும் இல்லை என்றும் காட்டு இலையும் மரப்பட்டையும் கொண்டு எல்லோரும் தமக்குத் தாமே வைத்தியம் செய்துகொள்கிறார்கள் என்றும் எழுதினார். அவர் பார்த்தது கிராமத்தை. அரண்மனை அப்படியில்லை. கோபால முஸ்லிம் குடும்பம் கண்டி அரசரின் வைத்தியர்களாக இருந்ததை வரலாற்றாசிரியர் லோர்ணா தேவராஜா பதிவு செய்திருக்கிறார். 13ஆம் நூற்றாண்டுப் பாளி மருத்துவ நூலான பேஸஜ்ஜ மஞ்சூஷாவுக்குச் சிங்கள உரை எழுதியவர், கண்டியின் சங்கராஜராக இருந்த வெலிவிட்ட சரணங்கர தேரர். நொக்ஸின் சிறைவாசத்துக்குச் சுவையான விளைவு ஒன்றும் உண்டு. கெட்ட தண்ணீரால் வந்த காய்ச்சலுக்குக் கண்டியில் அவர் தின்ற கஞ்சா இலையை லண்டன் ராயல் சொசைட்டியில் 1689இல் அறிமுகப்படுத்திய விஞ்ஞானி ரொபர்ட் ஹூக், அது மனநோயாளருக்கு உதவக்கூடும் என்று ஊகித்தார். கண்டிக் காய்ச்சல் மருந்து லண்டனுக்குப் போய் மனநோய் மருந்தாகப் பார்த்தது!

தொழில்முறை வைத்தியர் இல்லை என்று நொக்ஸ் எழுதிய ஊரிலும் வழக்கத்தில் வேலை பிரிக்கப்பட்டிருந்தது. கட்டி, புண், முறிவு எல்லாம் நாட்டு வைத்தியரான வெதமஹத்தயாவின் கையில். மனம் கலங்கியவருக்குப் பௌத்தப் பிரித் ஓதுதல், பேயோட்டும் தொவில், தோஷம் கழிக்கும் சடங்குகள். கண்டிய நடனத்தின் மூலமான கொஹொம்பா கங்காரியவே பண்டுவாசுதேவ மன்னனைப் பிடித்த தோஷத்தை நீக்கிய கதையிலிருந்து பிறந்த சடங்குதான். ஆயுர்வேதத்துக்கு மனத்தின் பங்கு தெரியாமல் இல்லை. நோயை வளர்ப்பவற்றில் மனத்தளர்வே முதலானது என்று ஆயுர்வேத ஆசான் சரகர் சொல்லிவிட்டார். ஆனால் மனத்தளர்வே கட்டியைப் பிறப்பிக்கிறது என்று அந்த வரி சொல்லவில்லை. இந்த வேறுபாடு சிறியதல்ல. சரகரின் வரி நோயாளியைத் தேற்றச் சொல்கிறது. சீனக் கணிப்போ அவளுடைய வாழ்க்கையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும்.

இருபதாம் நூற்றாண்டில் 'மனச்சோர்வு' என்ற நோயே கேள்விக்குள்ளானது. சீனாவின் ஹூனானில் நரம்புத் தளர்ச்சி என்று பதியப்பட்ட 100 பேரை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன், அவர்களில் 87 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்ததாக 1982இல் எழுதினார். துயரம் உடல்மொழி பேசியிருந்தது. 1985இல் கிளைன்மன் இணைந்து தொகுத்த நூலிலேயே, பேராதனையில் சமூகவியல் கற்பித்த கணநாத் ஒபேசேகர எதிர்க்கேள்வி போட்டார். வாழ்க்கை துக்கமயமானது, நம்ப எதுவுமில்லை என்று ஒருவர் சொன்னால் மேற்கில் அது நோய்க்குறி. இலங்கையில் அவர் நல்ல பௌத்தராகவும் இருக்கலாம். வாதம் கூர்மையானது. ஆனால் மார்பை அகற்றிவிட்டுத் தூக்கமில்லாமல் கிடக்கும் பெண்ணின் கட்டிலருகே அது எவ்வளவு உதவும் என்பது வேறு விஷயம். 2012இல் வெளியான பேராதனை மனச்சோர்வு அளவுகோல் அந்த வாதத்துக்கும் இந்தக் கட்டிலருகுத் தேவைக்கும் நடுவில் நிற்கிறது. தென்னாசியர் சோர்வைச் சொல்லும் முறைக்கு ஏற்ப அதன் கேள்விகள் அமைக்கப்பட்டன. தலைப்பாரம், நித்திரையின்மை, 'ஒரே யோசனை' என்று பேசும் மலையகத் தமிழ்ப் பெண்ணுக்கும் இப்படிப்பட்ட அளவுகோலே பொருந்தும்.

சீன வைத்தியம் அதிகாரபூர்வமாக இலங்கைக்குள் வந்தபோது மூலிகையாக வரவில்லை, ஊசியாக வந்தது. 1970களில் மருத்துவர் அன்ரன் ஜயசூரிய களுபோவில வைத்தியசாலையில் அக்குபங்சரை நிலைநிறுத்தினார். சீன மூலிகைச் சூரணங்களுக்கு அப்படி ஓர் ஆள் கிடைக்கவில்லை. ஒருவகையில் தேவையும் இருக்கவில்லை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியத்துக்குத் தனி நிர்வாகத்தையே அமைத்துக் கொடுத்திருந்தது.

மனத்துயரே மார்பகப் புற்றைத் தரும் என்ற பழைய கணிப்பு இன்று என்ன ஆனது? நெதர்லாந்து, பிரிட்டன், நோர்வே, கனடா ஆகிய நாடுகளின் 3,19,613 பேரின் தரவுகளைத் திரட்டி 2023இல் வெளியான பகுப்பாய்வு, மனச்சோர்வுக்கும் மார்பகப் புற்று தோன்றுவதற்கும் தொடர்பு காணவில்லை. கேலனும் ட்சு தான்சியும் இந்த இடத்தில் தோற்றார்கள். அழுத்திச் சொல்லவேண்டிய தோல்வி இது. 'நீ கவலைப்பட்டதால்தான் வந்தது' என்ற பேச்சு நோயாளியின் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. புற்று வந்தபின் சோர்வு வருவது உண்மை. சூரணங்கள் குறித்த சான்றோ மெலிந்தது. கீமோதெரபியின் பக்கவிளைவுகளுக்குச் சீன மூலிகைகளைப் பற்றி 2007இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வுக்கு 542 மார்பகப் புற்றுநோயாளரை உள்ளடக்கிய 7 சோதனைகளே கிடைத்தன. உறுதியான முடிவுக்கு அது போதவில்லை. மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோயாளருக்கு இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் என்று யேல் ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள்.

ஆனால் சீன மரம் ஒன்று வென்றிருக்கிறது. சீனர் மகிழ்ச்சி மரம் என்று அழைக்கும் மரத்திலிருந்து 1966இல் வால், வானி ஆகியோரின் ஆய்வுக் குழு புற்றெதிர்ப்புப் பொருளான காம்ப்டோதெசினைப் பிரித்தெடுத்தது. அதே பொருள் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறுமரத்திலும் இருப்பதை 1972இல் டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் கண்டார்கள். அந்த இனம் இலங்கையிலும் வளர்கிறது. அதன் வழித்தோன்றல் மூலக்கூறுகளே இன்று டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான், சசிட்டுசுமாப் கோவிடெகான் என்ற மார்பகப் புற்று மருந்துகளில் வெடிமருந்தாக இருக்கின்றன. கசாயமாக யாரும் இதைக் காய்ச்சிக் குடிக்கவேண்டியதில்லை, குடிக்கவும் கூடாது.

கட்டியும் கவலையும் மீண்டும் சந்திக்கும் இடம் ஈரல்தான். சீனர் சொன்ன ஈரல் அல்ல, நொதிகளின் ஈரல். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுக்குத் தரப்படும் டமொக்சிஃபென், ஈரலில் சிஒய்பி2டி6 என்ற நொதியால் எண்டொக்சிஃபெனாக மாறியபிறகே முழு வீச்சில் வேலை செய்கிறது. பரொக்ஸடின் என்ற மனச்சோர்வு மாத்திரை அந்த நொதியைக் கட்டிப்போடும். கனடாவின் ஒன்டாரியோவில் 2,430 பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரை, இரண்டும் சேர்ந்தபோது மார்பகப் புற்றால் இறப்பு கூடியதைக் கண்டது. அந்த நொதியைப் பெரிதாகத் தொடாத வென்லஃபக்ஸினைப் பல மனநல மருத்துவர்கள் இப்போது தெரிவுசெய்கிறார்கள்.

மூலிகையும் இந்த வழியில்தான் குறுக்கே வருகிறது. நெதர்லாந்தில் 2019இல் வெளியான சிறு ஆய்வில், மஞ்சளின் குர்குமினையும் மிளகின் பைபரினையும் மாத்திரையாக எடுத்த பெண்களின் இரத்தத்தில் எண்டொக்சிஃபென் 12 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. நாளுக்கு 3,600 மில்லிகிராம் குர்குமின் என்பது கறியில் சேரும் மஞ்சள் அல்ல. மாத்தளை வீதியின் வாசனைத் திரவியத் தோட்டங்களில் விற்கும் மஞ்சள் குளிசை என்றால் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். மரமஞ்சளில், அதாவது வெனிவெல்கட்டையில் உள்ள பெர்பெரின் சீனரின் ஹுவாங்லியன் வேரிலும் இருக்கிறது. நாளுக்கு மூன்று முறை 300 மில்லிகிராம் வீதம் இரண்டு வாரம் அதை உட்கொண்ட ஆரோக்கியமான ஆண்களில் அதே நொதி பலமாக ஒடுங்கியதைச் சீன ஆய்வாளர்கள் 2012இல் அளந்தார்கள். தடிமனுக்குக் குடிக்கும் பஸ்பங்குவ கோப்பை ஒன்றில் அவ்வளவு பெர்பெரின் வராது. டமொக்சிஃபென் எடுத்துக்கொண்டே வெனிவெல் கசாயத்தை மாதக்கணக்கில் காலையும் மாலையும் குடிக்கும் நோயாளியின் கணக்கு வேறு. அவருடைய கிளினிக் கொப்பியில் மாத்திரைகளின் பெயர்களோடு அந்தக் கசாயத்தின் பெயரும் எழுதப்பட்டிருந்தால்தான் மருத்துவரால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க முடியும்.