மாதிரி விமானங்களில் போர்க்காலப் பெயிண்டின் சிதைவு

இரண்டாம் உலகப்போர் விமானங்களின் மேற்பூச்சு வெயிலிலும் மழையிலும் உப்புக்காற்றிலும் வெளிறி, உரிந்து, கறை படிந்த நிலையை 1/72, 1/48 போன்ற அளவுகளில் செய்யும் பிளாஸ்டிக் மாதிரிகளில் கொண்டுவரும் கைவேலை இது. தொடக்கத்தில் இந்த அக்கறையே இருக்கவில்லை. பிரிட்டனில் ஃப்ராக் நிறுவனம் 1936-இல் 'பெங்குவின்' மாதிரி விமான வரிசையை 1/72 அளவில் விற்கத் தொடங்கியது. போர் வந்ததும், எதிரி விமானத்தை அடையாளம் காணப் பயிற்றுவிக்கும் மாதிரிகள் முழுக்கக் கறுப்பாகச் செய்யப்பட்டன. உருவக்கோடு தெரிந்தால் போதும். 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாதிரிகள் கேட்டதும் இதற்காகத்தான். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் ஸ்பிட்ஃபயர் மாதிரி 1950-களில் வந்தது. பிறகு, ஹம்ப்ரால் நிறுவனத்தின் எனாமல் பெயிண்ட் டப்பாக்கள் பரவியபோது 'நிறம் சரியா' என்ற வாதம் எழுந்தது. 1970-களில் அமெரிக்கரான ஷெப்பர்ட் பெயினும் அடுத்து பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டனும் அழுக்கையும் தேய்மானத்தையும் காட்டும் முறைகளைப் பரப்பினார்கள். 2000-க்குப் பின் ஸ்பெயின் நாட்டவர் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த உச்சத்தில் ஒரு கோளாறும் சேர்ந்துகொண்டது. எந்த விமானமானாலும் ஒரே மாதிரி வெள்ளிச் செதில்கள், ஒரே மாதிரி பழுப்புக் கறை என்று சிதைவு ஒரு மோஸ்தராகிவிட்டது. உண்மையில் ஒவ்வொரு கீறலுக்கும் அந்த விமானம் எதனால் ஆனது, எங்கே நின்றது, எவ்வளவு காலம் நின்றது என்ற மூன்றில் ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளும் இதற்கு நல்ல சான்று. இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஆறுமுகநேரி உப்பளங்கள். எதிர்க்கரையில், அதேபோல் உப்பு விளையும் இலங்கையின் புத்தளம். அங்கே போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்தளம் இருந்தது. சேற்றில் சிக்கிய கோர்செர் விமானத்தை யானை கட்டி இழுக்கும் புகைப்படங்கள் அங்கு எடுத்தவைதான். இந்தக் கரைகளின் வெயிலிலும் உப்புக்காற்றிலும் பூச்சுக்கு இரண்டு விதமாகக் கேடு வருகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் பெயிண்டின் பிசினைச் சிதைக்க, நிறமித் தூள் மேலே நின்று சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறும். உப்பு ஈரமோ விளிம்பிலும் கீறலிலும் புகுந்து அடியில் உள்ள உலோகத்தை அரித்துப் பூச்சைக் கொப்பளமாக உப்ப வைக்கும். உப்பளத்து இரும்பு போல அலுமினியம் செந்துரு பிடிக்காது, வெள்ளையாகப் பூத்துப்போகும். ஆகவே அலுமினிய இறக்கையில் செம்பழுப்புத் துருவைத் தீட்டுவது தவறு. கோர்செரின் வெளி இறக்கையிலும் பின்பாதி துணிதான். அங்கே உலோகம் பளிச்சிட வழியில்லை. ஹரிக்கேன் போர்விமானத்தின் பின் உடலும் அப்படியே. மொஸ்கிட்டோ விமானங்களின் உடலும் இறக்கையும் மரம். 1944 நவம்பரில் இந்தியாவில் அவற்றைத் தரையிறக்கி நிறுத்தியதே மர இணைப்புகளின் பசை பற்றிய கவலையால்தான்.

காலக்கணக்கும் முக்கியம். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பு மீது ஜப்பானியர் நடத்திய தாக்குதலை எதிர்த்த பிரிட்டிஷ் விமானப்படையின் 30-ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன்கள் சில வாரங்களுக்கு முன்தான் கப்பலில் வந்திறங்கியவை. அவற்றை ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தவைபோல் வெளிறச் செய்வது பொருந்தாது. தாக்க வந்த ஜப்பானியக் கடற்படையின் ஜீரோ போர்விமானங்களும் நன்கு பராமரிக்கப்பட்ட பளபளப்பான பூச்சோடு இருந்தவை. வெற்று அலுமினியத்தின் மேல் களத்திலேயே பச்சை அடிக்கப்பட்ட தரைப்படையின் கி-43 விமானங்களில்தான் பூச்சு பாளம் பாளமாக உரிந்தது. ஒன்றின் தோற்றத்தை மற்றதற்கு மாட்டிவிடுவது இத்துறையின் பழைய பிழை.

செய்முறையிலும் உப்பு உண்டு. மாதிரிக்கு முதலில் வெள்ளி நிறம் அடித்துக் காயவிட்டு, தண்ணீரால் ஈரப்படுத்தி உப்பைத் தூவுவார்கள். அது காய்ந்து ஒட்டியபின் ஏர்பிரஷ்ஷால் மேல் நிறம் அடித்து, பிறகு ஈரத் தூரிகையால் தேய்த்தால் உப்பு உதிர்ந்த இடமெல்லாம் வெள்ளி தெரியும். எளிய உபாயம்தான், ஆனால் அளவைக் கவனிக்க வேண்டும். 1/72 அளவில் 3 மில்லிமீட்டர் கல்லுப்பு விழுந்த இடம் நிஜ விமானத்தில் 21 சென்டிமீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு சாண். 0.3 மில்லிமீட்டர் தூளுப்பும் 2 சென்டிமீட்டர் செதிலாகும். விமானி ஏறிக் கால் வைக்கும் இறக்கை வேர், மெக்கானிக் கழற்றி மாட்டும் எஞ்சின் மூடியின் திருகுகள், புழுதி அறையும் முன்விளிம்பு ஆகியவற்றில்தான் அதற்கு வேலை. இறக்கை முழுவதும் தூவினால் அம்மை வார்த்ததுபோல் இருக்கும்.

இது கலை, ஆவணம் அல்ல என்று சிலர் மறுப்பார்கள். சிறிய பொருள் அறை வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிவதால் நிறத்தைச் சற்று வெளிறவிட்டு நிழலைக் கூட்டுவது நியாயமே. எவ்வளவு என்பதில் ரசனைக்கு இடமுண்டு, எங்கே என்பதில் கிடையாது. கறுப்பு-வெள்ளைப் படத்தை நம்ப முடியுமா என்ற மறுப்பு இன்னும் கனமானது. அக்காலப் படச்சுருள்களில் ஒரு வகை சிவப்பைக் கருமையாகவும் நீலத்தை வெளிறலாகவும் காட்டியது உண்மை. ஜப்பானியரின் செவ்வட்டத்தோடு குழம்பக்கூடாதென்று தென்கிழக்காசியப் போர்முனையில் இருந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்திலிருந்து சிவப்பை நீக்கி, நீலமும் வெளிர்நீலமும் மட்டும் வைத்தார்கள். படத்தை மட்டும் பார்த்து அந்த நீலத்தைச் சாதிக்க முடியாது. ஆனால் பூச்சு எந்த இடத்தில் தேய்ந்தது, எஞ்சின் புகை எந்தப் பக்கம் படிந்தது என்பதைப் படம் மறைப்பதில்லை. அருங்காட்சியகங்கள்தான் இதில் நம்மை அதிகம் ஏமாற்றும். டெல்லியின் பாலம் (Palam) பகுதியில் உள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகத்தின் ஹரிக்கேனையும் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தையும் வடிவத்துக்கு அளந்துகொள்ளலாம். அவற்றின் மேற்பூச்சு பிற்காலத்தது, சிதைவுக்குச் சான்றாகாது.