சீல் உடைக்கும் இடம்

என் தங்கை பிள்ளை ராயப்பேட்டையில் சின்னதாக ஓர் அச்சாபீஸ் வைத்திருக்கிறான். புஸ்தகங்களை வெறும் பசை போட்டு ஒட்டாமல், நூல் கொண்டு தைத்துக் கட்ட வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. என் நாவல் ஒன்று முதுகில் பிளந்து, கதாநாயகி அழுகிற கட்டத்தில் நாற்பது பக்கம் மடியில் உதிர்ந்துவிட்டதாக ஒரு வாசகர் எனக்கு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அவனிடம் காட்டியவன் நான்தான். ஆகையால் ஷாங்காயிலிருந்து தையல் யந்திரம் வரவழைப்பதற்காக அவன் பாங்கியில் கடன் வாங்கிய பாவத்தில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

கப்பல் வந்து பத்து நாள் ஆயிற்று. யந்திரம் வந்து சேரவில்லை.

"எங்கேடா இருக்கிறது உன் யந்திரம்?" என்றேன்.

"மணலிப் பக்கம், ஒரு சி.எப்.எஸ்.லே இருக்கு மாமா."

"கப்பல் எப்படியடா மணலிக்குப் போயிற்று?"

அவன் சிரித்தான், சிரிப்பில் ஜீவன் இல்லை. "நாளைக்கு நீங்களும் வாங்க மாமா. வயசானவர் ஒருத்தர் கூட இருந்தா கொஞ்சம் நின்னு பதில் சொல்லுவாங்க" என்றான். என் எழுத்துக்காக இல்லாவிட்டாலும் நரைக்காகவாவது ஒரு மரியாதை கிடைக்கிறதே என்று புறப்பட்டேன்.

திருவொற்றியூர் தாண்டியதும் ட்ரெயிலர் லாரிகளின் வரிசை ஆரம்பித்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு ரயில் பெட்டி அளவுக்கு இரும்புப் பெட்டி. டிரைவர்கள் சக்கரத்தின் நிழலில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நாங்கள் போய் நின்ற இடம் ஒரு பெரிய மைதானம், பெட்டிமேல் பெட்டியாக மூன்று அடுக்கு, நாலு அடுக்கு, ஓரத்தில் தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை, வாசலில் காவலாளி. அலையும் இல்லை, உப்புக் காற்றும் இல்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது துறைமுகத்தின் ஒரு துண்டுதான். அந்த வாசலுக்கு உள்ளே இருக்கும் வரையில் சரக்கு இன்னும் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்ததாகாது.

இப்படி ஒரு விசித்திர ஸ்தலம் ஏன் ஏற்பட்டது என்று தெரிய, சென்னையின் பழைய கதைக்குக் கொஞ்சம் போக வேண்டும்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1639ல் ஆங்கிலேயர் இங்கே இடம் பிடித்த பிறகு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே இருந்த அலைகளைக் கடந்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். (இதைச் சொன்னபோது என் மருமான், "அதைத்தானே மாமா நானும் புஸ்தகத்துக்குச் சொல்றேன்!" என்றான்.) பருத்திப் பொதியும், நீலியும், தோலும், சீமைச் சாராயமும், சீமைத் துரைகளும் எல்லாம் அந்தப் படகில்தான் ஏறி இறங்க வேண்டும். பொதிகள் நனையும், சில கடலோடு போகும். ஆனால் போனது போயிற்று என்று கரையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒவ்வொரு மூட்டையும் ஒரு மனிதனின் தோளிலிருந்து இன்னொரு மனிதனின் தோளுக்குக் கண்ணெதிரில் மாறிற்று.

1861ல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் நீட்டினார்கள். 1875ல் செயற்கைத் துறைமுகத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். 1881 நவம்பரில் அடித்த புயல் அந்தக் கல்சுவர்களைப் பிய்த்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். 1904ல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற எஞ்சினீயர்தான், கிழக்கே பார்த்திருந்த வாயை வடகிழக்கே திருப்பி, கப்பல்கள் நிம்மதியாக நிற்கும்படி செய்தார். ஆனால் அவராலும் இடத்தைப் பெரிதாக்க முடியவில்லை. மேற்கே ஊர், தெற்கே கோட்டை, வடக்கே காசிமேடு. துறைமுகம் நடுவில் மாட்டிக்கொண்டது.

இதற்கிடையில் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளிக்கு ஒரு யோசனை உதயமாயிற்று. லாரியில் இருக்கும் பொதிகளை ஒவ்வொன்றாக இறக்குவானேன், லாரியின் பெட்டியையே அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன? 1956 ஏப்ரல் 26ஆம் தேதி நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளுடன் 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது. கையால் ஏற்ற டன்னுக்கு ஏறக்குறைய 6 டாலர் ஆகும் காலம் அது. பெட்டியாக ஏற்றியதில் 16 சென்ட்தான் ஆயிற்றாம். இந்தக் கணக்கைக் கேட்ட பிறகு உலகத்தில் எந்த வியாபாரி சும்மா இருப்பான்? 1973ல் கொச்சிக்குப் பெட்டிக் கப்பல் வந்தது. 1983ல் சென்னையில் பாரதி துறையில் பெட்டிகளுக்கென்றே தனி முனையம் திறந்தார்கள். பாரதியாரின் பெயர் வைத்த இடத்தில் யாருக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிகள் வந்து இறங்கின.

ஒரு கப்பல் ஆயிரக்கணக்கில் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போகிறது. அவ்வளவையும் துறைமுகத்திலேயே திறந்து, எண்ணி, சோதித்து, தீர்வை வாங்குவதென்றால் அடுத்த கப்பலுக்கு இடம் ஏது? ஆகவே பெட்டியை சீல் உடைக்காமல் லாரியில் ஏற்றி மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் அனுப்பிவிடுகிறார்கள். அங்கே வாசலில் பெட்டியின் எண்ணைப் பார்க்கிறார்கள்: நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒற்றை இலக்கம் ஒன்று. அந்தக் கடைசி இலக்கம் முன்னால் உள்ள பத்தையும் கணக்குப் போட்டு வருவது. எவனாவது எண்ணைத் தப்பாக எழுதினால் அது காட்டிக்கொடுத்துவிடும். பிறகு சீலைப் பார்க்கிறார்கள். சீல் எண் காகிதத்தோடு ஒத்துப் போக வேண்டும். அந்த நிமிஷத்திலிருந்து சரக்குக்கு அந்த ஸ்தலம்தான் காவல். காவலில் இருக்கும்போது திருட்டுப் போனால், அதற்குரிய தீர்வையைக் காவல்காரர் சர்க்காருக்குக் கட்ட வேண்டும் என்று 1962ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டம் சொல்கிறது. சர்க்கார் தன் பங்கை மறக்கிற வழக்கம் இல்லை!

முழுப் பெட்டியும் ஒருவருக்கே சொந்தமானால் கதை சுலபம். பெரிய கம்பெனிகள் சில இப்போது துறைமுகத்திலிருந்தே நேராகத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்விடுகின்றன. என் மருமானைப் போன்றவர்களுடைய கதி வேறு. அவனுடைய இரண்டு மரப்பெட்டிகளுக்கு ஒரு முழுக் கன்டெய்னர் எதற்கு? ஆகவே ஷாங்காயில் ஒருவர் பத்துப் பதினைந்து பேருடைய சரக்கை ஒன்றாக அடுக்கி அனுப்புகிறார். அதே பெட்டியில் குளியலறை ஓடுகள், குடைகள், பொம்மைகள், சைக்கிள் மணிகள். ஒண்டுக்குடித்தனம் மாதிரிதான். கொட்டகையில் சீலை வெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அவரவர் அடையாளம் பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும். டேலி கிளார்க்கு எண்ணி எழுதுவார். ஏஜெண்டு பில் ஆப் என்ட்ரி போட்டு, சுங்க உத்தியோகஸ்தர் வேண்டுமானால் திறந்து பார்த்து, தீர்வை கட்டி, 'எடுத்துப் போகலாம்' என்று உத்தரவான பிறகுதான் வாசல் சீட்டு.

எங்கள் விஷயத்தில் தீர்வை கட்டியாயிற்று. உத்தரவும் ஆயிற்று. ஒரு மரப்பெட்டியும் கிடைத்தது. இரண்டாவது பெட்டியைக் காணோம். யந்திரத்தின் உடம்பு இருக்கிறது. ஊசிகள் பூட்டும் தலைப்பகுதி இல்லை. டேலிக் காகிதத்தில் இரண்டு என்றுதான் எழுதியிருந்தது. ஆபீஸில் இருந்த வாலிபர் கம்ப்யூட்டரைப் பார்த்து, "ரெண்டும் இருக்கு சார்" என்றார். எங்கே என்று கேட்டால், "இருக்கு" என்றார். இனாமாகக் கொடுத்த நாட்கள் தீர்ந்து, வாடகை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. பாங்கித் தவணையும் அதற்குப் போட்டியாக ஏறிக்கொண்டிருந்தது. என் மருமான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். முப்பத்திரண்டு வயசுப் பையன் அப்படி உட்கார்ந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கடலில் விழுந்திருந்தால் அழுதுவிட்டுப் போகலாம். இது இருக்கிறது என்கிறார்களே!

தேடுகிற வரையில் நான் கொட்டகையைச் சுற்றி வந்தேன். மறுபுறம் ஏற்றுமதி. ஆம்பூரிலிருந்து வந்த லாரியிலிருந்து செருப்பு அட்டைப்பெட்டிகள் இறங்கின. இங்கே எல்லாம் தலைகீழ்: முதலில் எண்ணி, பிறகு சோதித்து, சுங்க இலாகா ஏற்றலாம் என்றதும் பெட்டிக்குள் அடுக்கி, சீல் போட்டு, துறைமுக வாசல் அந்தக் கப்பலுக்கு மூடுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு மணி தாமதித்தால் கப்பல் போய்விடும். அடுத்தது ஒரு வாரம் கழித்து. இறக்குமதிப் பக்கம் காத்திருக்கிறவர்கள். இந்தப் பக்கம் ஓடுகிறவர்கள். நடுவில் அதே சுமைக்காரர்கள் இரண்டுக்கும் தோள் கொடுக்கிறார்கள்.

மைதானத்தின் கோடியில் சில பெட்டிகள் துருவேறிக் கிடந்தன. அடியில் புல் முளைத்திருந்தது.

"இது யாருடையது?" என்று டேலி கிளார்க்கைக் கேட்டேன். அறுபதை நெருங்கும் மனிதர், காதில் பென்சில்.

"யாரும் வரலைங்க சார்" என்றார். "சரக்கு விலையைவிட வாடகையும் தீர்வையும் ஜாஸ்தியாயிட்டா, ஆள் தலையைக் காட்ட மாட்டாங்க."

முப்பது நாளில் எடுக்காத சரக்கை, நோட்டீஸ் கொடுத்து, சுங்க இலாகாவின் அனுமதியுடன் ஏலம் போடலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் வழக்கு, தகராறு, கைப்பற்றல் என்று ஏதாவது வந்துவிட்டால் முப்பது நாள் மூன்று வருஷமாகும். இதே மணலியில் 2015ல் கைப்பற்றிய அம்மோனியம் நைட்ரேட், 37 பெட்டிகளில் சுமார் 700 டன், ஐந்து வருஷம் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பேரூத் துறைமுகக் கிடங்கில் அதே உப்பு 2750 டன் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்புறம்தான் நமக்கு ஞாபகம் வந்தது. அந்த மாதமே அதை லாரிகளில் ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து வருஷமும் பக்கத்துத் தெருவில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தன. பெட்டிக்கு எண் சரியாக இருந்தது, சீலும் இருந்திருக்கும்.

இதை நினைத்தபடி நான் நின்றபோது கிளார்க்கு, "உங்க மரப்பெட்டியிலே அடையாளம் என்ன போட்டிருக்கு, சார்?" என்றார்.

என் மருமானைக் கூப்பிட்டேன். அவன் காகிதத்தை நீட்டினான். கிழவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. போனில் இருந்த முதல் பெட்டியின் போட்டோவைப் பார்த்தார். பச்சைச் சாயத்தில் ஒரு முக்கோணம். "பச்சை முக்கோணமா?" என்று முணுமுணுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். ஓடுகள் அடுக்கியிருந்த பலகைகளுக்குப் பின்னால், சுவரோடு சுவராக, முக்கோணத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது அந்த மரப்பெட்டி. இறக்கின அன்றைக்கு யாரோ அவசரத்தில் ஓடுகளை முன்னால் வைத்துவிட்டார்கள்.

"நான்தான் எண்ணினேன். ரெண்டுன்னு எழுதினது என் கைதானே, சார்" என்றார். சமாதானமா, மன்னிப்பா என்று எனக்கு விளங்கவில்லை.

ஓடுகளை நகர்த்தப் போர்க்லிப்டு வர முக்கால் மணி ஆயிற்று. அதற்குள் அன்றைய வாடகையும் சேர்ந்துவிட்டது. ஆபீஸ் வாலிபர் கணக்கில் ஒரு காசு குறைக்கவில்லை. என் மருமான் வாதாடாமல் கட்டினான். வாசல் சீட்டு வாங்கி, இரண்டு மரப்பெட்டிகளையும் ஒரு குட்டி யானையில் ஏற்றியபோது பொழுது சாய்ந்துவிட்டது. டிரைவர் பக்கத்தில் ஒருவருக்குத்தான் இடம்.

"நீங்க முன்னாலே உட்காருங்க மாமா" என்று சொல்லிவிட்டு, அவன் பின்னால் ஏறி, இரண்டாவது பெட்டியின்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ராயப்பேட்டை வந்து சேரும் வரையில் அந்தக் கையை எடுக்கவில்லை.