என்பு பொருத்திய வரலாறு

முறிந்த என்பைப் பொருத்துதல் மிகப் பழைய கலை. கோணலாகக் கூடிய என்பை மீண்டும் பிரித்து நேராக்குக எனச் சுசுருத சங்கிதை விதிக்கின்றது. இளமையில் 1 திங்களிற் கூடும் என்பு முதுமையில் 3 திங்களிற் கூடும் என்றும் அந்நூல் கூறும். ஆயின், முறிந்த துண்டங்கள் கூடாது நின்றாலோ, இடையிலுள்ள என்பே அழிந்தொழிந்தாலோ செய்வது யாது? தோலை அறுத்து என்பைத் தொட்டால் புண் சீழ்கொள்ளும். பலகால் உயிரும் போகும். ஆதலின் மருத்துவர் அஞ்சி ஒதுங்கினர்.

இவ்வச்சத்தை நீக்கியவர் யோசேப்பு லிஸ்ரர். 1865 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், கிளாஸ்கோ அரச மருத்துவமனையிலே, வண்டிச் சில்லேறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணை அவர் காபொலிக்கமிலங்கொண்டு காத்தார். புண் சீழ்கொள்ளாது ஆறியது, என்பும் கூடிற்று. அவர்பாற் பயின்ற வில்லியம் மக்யூவன் அவ்வழியே மேலுஞ் சென்றார்.

1878 ஆம் ஆண்டில் 3 வயதுச் சிறுவனொருவன் மக்யூவனிடம் வந்தான். நோயினால் அவனது மேற்கை என்பின் தண்டு அழிந்தது. ஓராண்டுக்கு மேலாகியும் புதிய என்பு வளரவில்லை. கை பயனற்றுத் தொங்கிற்று. அக்காலத்துக் கிளாஸ்கோவில், வெயில் புகாத ஒடுங்கிய தெருக்களில் வாழ்ந்த ஏழைச் சிறார் பலர் றிக்கற்ஸ் நோயாற் கால் வளைந்திருந்தனர். அக்கால்களை நிமிர்த்துதற்காக மக்யூவன் அவர்தம் கீழ்க்காலென்பிலிருந்து ஆப்புவடிவத் துண்டுகளை வெட்டியெடுப்பார். கழித்தெறியப்படும் அத்துண்டுகளையே நுணுக்கி, 1879, 1880 ஆம் ஆண்டுகளில் மும்முறை அச்சிறுவனின் கையிற் பதித்தார். அவை ஒன்றோடொன்று கூடி உறுதியான என்பாயின. 1881 இல் அச்செய்தி இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. சிறுவன் வளர்ந்து, அக்கையினாலேயே தச்சுத்தொழில் புரிந்தான்.

என்பை ஆக்குவது அதனை மூடிய உறையே என்பது பிரான்சு நாட்டு ஒலியேயின் கொள்கை. என்பே என்பை ஆக்கும் என மக்யூவன் வாதித்தார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டென்பதை இன்று அறிவோம். இக்காலத்தில், கூடாத என்பைக் கூட்டுதற்குப் பெரும்பாலும் நோயாளியின் சொந்த இடுப்பென்பிலிருந்தே துண்டெடுத்து, உலோகத் தகடிட்டு இறுக்குவர்.

ஆசிரியன் காத்த புண் மாணவன் அறுத்த அறுவைக்கு வழிவகுத்தது; வறுமை வளைத்த என்பு வேறொரு குழந்தைக்குக் கையாயிற்று. மக்யூவனின் திறனைப் போற்றும் நாம், துண்டு ஈந்த அவ்வேழைச் சிறாரையும் உடன்வைத்து எண்ணுதல் முறையாகும்.