எரிகோலும் கேளா ஒலியும்

கொதிக்கும் எண்ணெயைப் புண்ணில் ஊற்றினர். ஊற்றியவர் பகைவர் அல்லர், மருத்துவர்! துடித்தவன் கைதி அல்லன், காயம்பட்ட போர்வீரன்! துப்பாக்கிப் புண்ணில் வெடிமருந்தின் நஞ்சு கலந்திருக்கிறது, அதை எரித்தே போக்கவேண்டும் என்று பெரியவர்கள் எழுதிவைத்திருந்தனர். எழுதிவைத்தபின் எதிர்த்துக் கேட்பார் யார்?

1536-37 ஆண்டுகளில், இத்தாலியின் டூரின் நகரருகே நடந்த போரில், ஓரிரவு எண்ணெய் தீர்ந்துபோயிற்று. அம்ப்ருவாஸ் பாரே என்னும் இளம் பிரெஞ்சு மருத்துவர் வேறு வழியின்றி முட்டை மஞ்சட்கரு, ரோசா எண்ணெய், டர்ப்பன்டைன் மூன்றையும் குழைத்துப் பூசினார். தாம் எரிக்காமல் விட்டவர்கள் நஞ்சேறி மாண்டிருப்பரோ என்ற அச்சத்தில் அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. விடியுமுன் எழுந்து ஓடிச்சென்று பார்த்தார். களிம்பு பூசப்பட்டவர்கள் அமைதியாக இருந்தனர். எண்ணெய் ஊற்றப்பட்டவர்களோ காய்ச்சலும் வீக்கமுமாய்க் கிடந்தனர்.

இருவகையாரையும் அடுத்தடுத்து நிறுத்தி ஒப்பிட்டுப் பார்த்த அந்தப் பார்வையைத்தான் வரலாற்றின் பெரும் நிகழ்ச்சி என்கிறோம் நாம். பாரே இலத்தீன் கற்ற பண்டிதர் அல்லர். முடிதிருத்துவோர் வரிசையில் வைத்து எண்ணப்பட்ட அறுவையர். தாம் கண்டதை 1545-இல் தம் தாய்மொழியாம் பிரெஞ்சிலேயே நூலாக எழுதினார். 1552-இல், கால் துண்டிக்கும்போது, பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஒதுக்கிவிட்டு, குருதி பீறிடும் குழாயை நூலால் கட்டினார். முன்னோர் சிலர் அறிந்து, பின்னோர் கைவிட்ட முறை அது. பழையது என்பதற்காக அவர் அதைக் கொள்ளவில்லை. பயன் தந்தது என்பதற்காகக் கொண்டார்.

எனினும் வயிறு மட்டும் பன்னெடுங்காலம் திறவாக் கதவாகவே இருந்தது. 1809-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் எஃப்ரெய்ம் மக்டவல், ஒரு பெண்ணின் கருப்பையருகே வளர்ந்திருந்த ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள கட்டியை அறுத்தெடுத்தார். மயக்கமருந்து இல்லாத காலம் அது. அந்த அம்மை பிழைத்தார். மேலும் முப்பதாண்டுக்கு மேல் வாழ்ந்தார். 1846-இல் ஈதர் வலியை அடக்கிற்று. 1867-இல் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் சீழை எதிர்க்கும் வழியை வெளியிட்டார். அதன்பின், 1881 ஜனவரி 29-இல், வியன்னாவில் தியோடர் பில்ரோத் புற்றுநோய் பற்றிய இரைப்பைப் பகுதியை வெட்டியெடுத்து வெற்றி கண்டார். ஆனால் நான்கு திங்கள் அளவில் நோய் மீண்டு அப்பெண்மணி இறந்தார். கத்தி வென்றது, நோய் தோற்கவில்லை.

நோயையும் விரட்டவேண்டுமானால் இரைப்பையை மட்டும் எடுத்தால் போதாது. அதைச் சூழ்ந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுக்கவேண்டும் எனப் பின்னர் உணர்ந்தனர். அம்முடிச்சுகளோ குருதிக் குழாய்களை ஒட்டியே அமைந்தவை. ஒவ்வொரு சிறு குழாயையும் இடுக்கியால் பற்று, வெட்டு, நூலால் கட்டு. மீண்டும் பற்று, வெட்டு, கட்டு! மணிக்கணக்கில் நடக்கும் இப்பணியில் ஒரு முடிச்சு நழுவினாலும் குருதி வெள்ளம்தான்.

இவ்விடத்தில்தான் மின்சாரம் துணைக்கு வந்தது. 1926 அக்டோபர் 1-இல் பாஸ்டனில் ஹார்வி குஷிங், போவி அமைத்த மின்கருவியைக் கொண்டு, குருதிப்போக்கால் முன்னர் பாதியில் நிறுத்திய ஒரு மண்டையோட்டுக் கட்டியை முழுதும் அகற்றினார். மூளை மருத்துவர் கையில் பெயர் பெற்ற மின்கத்தி வயிற்று அறுவையிலும் நிலைத்தது.

அதற்கும் அடுத்து வந்தது கேளா ஒலிக் கத்தி. 1880-இல் கியூரி உடன்பிறந்தார் இருவர், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் எனக் கண்டனர். மின்சாரம் செலுத்தினால் படிகம் அதிரும் என்பதும் விளங்கிற்று. முதல் உலகப்போரில் லான்ஜவின் அந்த அதிர்வைக்கொண்டு நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் வழி வகுத்தார். கப்பலைத் தேடிய அறிவு, 1990-களில் அறுவைக் கூடத்துள் பரவிற்று. நொடிக்கு ஏறத்தாழ 55,000 முறை அதிரும் உலோக அலகு அது. மனிதச் செவி கேட்கும் எல்லையோ 20,000 தான். அந்த அதிர்வும் உராய்வுச் சூடும் தசையின் புரதத்தைக் குழைத்துச் சிறு குழாயின் வாயை அடைக்கும். அதே நேரத்தில் வெட்டும். மின்கத்தியைப்போல நோயாளியின் உடலுள் மின்சாரம் பாய்வதில்லை, கரும்புகையும் குறைவு.

உடனே, 'புதியது வந்தது, பழையதைக் குப்பையில் எறி' என்று கூவலாமா? கூடாது. பழமை என்பதால் வணங்குவது மூடத்தனமென்றால், புதுமை என்பதால் வணங்குவது மட்டும் அறிவாகிவிடுமோ?

மருத்துவ உலகம் நல்ல வேளையாகப் பாரேயின் விடியற்காலைப் பார்வையை ஒரு முறையாகவே வளர்த்திருக்கிறது. வயிற்றைத் திறந்து செய்யும் இரைப்பைப் புற்று அறுவையில், நோயாளிகளைக் குலுக்கல்போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புதுக்கருவி, மறு பிரிவுக்கு நூலும் மின்கத்தியும் எனக் கொண்டு ஒப்பிட்டனர். புதுக்கருவியால் அறுவை நேரம் குறைந்தது, குருதி இழப்பும் குறைந்தது என்று பல ஆய்வுகள் கூறின. ஆனால் நோயாளி நெடுநாள் வாழ்வார் என்பதற்கு அது மட்டும் சான்றாகவில்லை. அலகு சூடேறி அருகிலுள்ள உறுப்பைச் சுடவும் கூடும். பெரிய குழாய்க்கு இன்றும் கட்டு வேண்டும். விலையோ மிகுதி; ஒரு முறை பயன்படுத்தி எறியும் வகையே பெரும்பாலும். குறைந்த நேரத்தால் மிச்சமாகும் பணம் அந்த விலைக்கு ஈடாகுமா என்பதற்கு எல்லா நாட்டிலும் ஒரே விடை இல்லை.

ஆகவே தோழர்களே, ஏழை மருத்துவமனையில் தேர்ந்த கையொன்று நூல்கொண்டு கட்டும் முடிச்சைத் தாழ்வென்று எண்ணோம். விலையுயர்ந்த கருவியை வீணென்றும் தள்ளோம். யார் சொன்னார், எவ்வளவு விலை, எந்த நாட்டுச் சரக்கு என்பன பின்னர் வரட்டும். அறுக்கப்பட்டவர் எப்படி இருக்கிறார்? அவரைப்போல் இன்னொருவர், வேறு கருவியால் அறுக்கப்பட்டவர், எப்படி இருக்கிறார்? விடியுமுன் எழுந்தோடி இந்த இரண்டையும் பார்த்து வந்தவனே நமக்கு ஆசான்.